பீரோ கண்ணாடி முன்னால் ஐந்து நிமிடம்... 45-க்குப் பிறகு முகத்துக்கு எது வேண்டும், எது வேண்டாம்?

"எனக்கென்ன மேக்கப்... பவுடர் போட்டு, பொட்டு வெச்சா முடிஞ்சுது!" நம்மூர் அம்மாக்களிடம் மேக்கப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் வரும் பதில் இதுதான். ஆனால், அதே அம்மாவின் பீரோ கண்ணாடியைப் பார்த்தால் கதை வேறு. கண்ணாடி ஓரத்தில் வரிசையாக ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகள், டால்கம் பவுடர் டப்பா, பாதி தேய்ந்த கண்மை, மகள் கல்யாணத்துக்கு வாங்கிய லிப்ஸ்டிக், ஹேர் டை பாக்கெட்... அப்புறம் ஒரு மூலையில், பக்கத்து வீட்டு அக்கா 'இதைப் போடு, முகம் பளிச்சுனு ஆயிடும்' என்று சொல்லித் தந்த ஒரு சின்ன ட்யூப். இத்தனையும் தினமும் முகத்தில் ஏறுகின்றன. 25 வயதில் ஒரு தொந்தரவும் தராத இந்தப் பொருள்களில் சில, 45-க்கு மேல் அரிப்பு, கருமை, எரிச்சல் என்று தகராறு செய்ய ஆரம்பிக்கும்.

காரணம், தோல் மாறியிருக்கும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைகிறது. தோலைத் தாங்கிப் பிடிக்கும் கொலாஜன் என்ற புரதம், மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் சுமார் 30 சதவிகிதம் வரை குறையலாம் என்கிறது மருத்துவ உலகம். எண்ணெய்ச் சுரப்பும் குறைவதால் தோல் வறண்டு மெலிகிறது. நம் ஊர் மாநிறத் தோலுக்கு ஒரு நல்ல விஷயம், சுருக்கம் கொஞ்சம் தாமதமாகத்தான் விழும். ஆனால், அதற்கு முன்பாகவே கன்னத்தில் மங்கு, நெற்றியோரத்தில் கருமை, கழுத்தில் குட்டிக் குட்டி மருக்கள் வந்து உட்கார்ந்துவிடும். 'முகம் கறுத்துப்போச்சு' என்ற கவலையும், அதை மறைக்க வாங்கும் பொருள்களும் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

அந்த 'வெளுக்குற' ட்யூப்

இருப்பதிலேயே பெரிய ஆபத்து இதில்தான் இருப்பதால், இதை முதலில் பேசிவிடலாம்.

மங்குவுக்குத் தோல் மருத்துவர்கள் எழுதித் தரும் ஒரு வகை க்ரீமில் ஹைட்ரோகுயினோன், ட்ரெடினாயின், ஸ்டீராய்டு என மூன்று மருந்துகள் கலந்திருக்கும். அதை இரவில் மட்டும், மங்கு இருக்கும் இடத்தில் மட்டும், சில வாரங்களுக்கு மட்டும் பூச வேண்டும். நடப்பதோ வேறு. இரண்டே வாரத்தில் முகம் தெளிந்ததும், பழைய சீட்டையோ காலி ட்யூபையோ காட்டி மெடிக்கலில் மறுபடியும் வாங்குகிறார்கள். பிறகு அது நாத்தனாருக்குப் போகிறது, அவரிடமிருந்து கல்லூரி படிக்கும் மகளுக்கும் போகிறது. மருந்தாக வந்தது, வீட்டின் ஃபேர்னெஸ் க்ரீம் ஆகிவிடுகிறது.

மாதக்கணக்கில் பூசும்போது ஸ்டீராய்டு தன் வேலையைக் காட்டும். தோல் காகிதம்போல மெலியும். கன்னத்தில் சிவப்பு நூல்போல ரத்தக் குழாய்கள் தெரியும். 50 வயதில் பருக்கள் வரும், தாடையில் முடி வளரும், வெயிலில் இறங்கினாலே எரியும். சரி, நிறுத்திவிடலாம் என்றால், நிறுத்திய சில நாள்களில் முகம் சிவந்து, வீங்கி, முன்பைவிட மோசமாகும். பயந்துபோய் மறுபடியும் அதையே பூசுவார்கள். ஏறக்குறைய போதைப் பழக்கம் மாதிரிதான். இந்தியத் தோல் மருத்துவர்கள் இந்த நிலைக்கு 'ஸ்டீராய்டால் பாழான முகம்' என்று பொருள்படத் தனியாகவே ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு, ஸ்டீராய்டு மேல்பூச்சு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குள் கொண்டுவந்தது. ஆனாலும், கேட்டால் கிடைக்கிறது என்பதுதான் நடைமுறை.

வீட்டில் இருக்கும் ட்யூபை இன்றே திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபீட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் ஆகிய பெயர்களில் ஏதாவது ஒன்று இருந்தால், அது ஸ்டீராய்டு. மாதக்கணக்கில் பூசிவந்தவர்கள் பயத்தில் சட்டென நிறுத்திவிடவும் வேண்டாம். ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போனால், படிப்படியாகக் குறைக்கும் வழியை அவர் சொல்வார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. புறநோயாளி சீட்டு வாங்கினால் போதும்.

இன்னொரு வகை இதைவிட மோசம். லேபிளே சரியாக இல்லாமல், வெளிநாட்டுச் சரக்கு என்று சொல்லி ஃபேன்சி ஸ்டோரிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கும் வெளுப்பு க்ரீம்கள். இவற்றில் பாதரசம் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. பாதரசம் மெலனின் உருவாவதைத் தடுக்கும் என்பதால் முகம் சீக்கிரம் வெளுக்கும். அதே பாதரசம் தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். கேரளாவின் மலப்புரம் மாவட்டம், கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனை மருத்துவர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை சிறுநீரகத்தில் புரதம் கசியும் ஒருவகை நோயோடு அங்கு வந்தவர்கள் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு ஒரே வகை அரிய பாதிப்பு. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்பு க்ரீம் பூசியவர்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023-ல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது.

இந்தியாவில் அழகு சாதனப் பொருள்களில் பாதரசம் சேர்க்கத் தடை இருக்கிறது. முகப்பூச்சுகளில் தற்செயலாகக் கலந்தால்கூட, 10 லட்சத்தில் 1 பங்கைத் தாண்டக் கூடாது. லேபிளில் கலோமெல், மெர்குரிக், மெர்குரஸ் என்ற சொற்கள் இருந்தால் தூக்கிப் போடுங்கள். 'தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பூசவும்' என்று எழுதியிருந்தாலும் சந்தேகப்பட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாலியில் படக் கூடாது என்று எச்சரிக்கும் க்ரீமை முகத்தில் பூச வேண்டுமா என்ன? க்ரீம் பூசுபவர்களுக்குக் கால் வீக்கமோ, சிறுநீரில் நுரையோ இருந்தால், அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் சிறுநீர்ப் பரிசோதனை.

பொட்டு வைத்த இடத்தில் வெள்ளை

ஸ்டிக்கர் பொட்டின் பசையில் சேர்க்கப்படும் ஒரு வேதிப்பொருள், சிலருக்கு நிறமித் தரும் செல்களை அழித்துவிடும். முதலில் லேசான அரிப்பு, பிறகு பொட்டு அளவிலேயே ஒரு வெள்ளைத் தழும்பு. பலர் அதை மறைக்கவே இன்னும் பெரிய பொட்டாக ஒட்டுகிறார்கள். வெள்ளையும் பெரிதாகிக்கொண்டே போகும். அரிப்பு தெரிந்த அன்றே ஸ்டிக்கரை நிறுத்துவது முக்கியம். குங்குமத்துக்கு மாறலாம், ஆனால் அதிலும் கவனம் தேவை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்யும் பழைய முறைக் குங்குமம் வேறு, சாயப்பொடி கலந்த கடைக் குங்குமம் வேறு. சாயக் குங்குமம் நெற்றியில் கறுப்பு படியவைக்கும். இரண்டும் ஒத்துக்கொள்ளாதவர்கள் ஐ-ப்ரோ பென்சிலாலோ, லிப்ஸ்டிக்காலோ ஒரு பொட்டு வரைந்துகொள்ளலாம். படுக்கும்முன் பொட்டை எடுத்துவிட்டு நெற்றியைக் கழுவுங்கள். கண்ணாடியில் ஒட்டிவைத்து ஒரே பொட்டை ஒரு வாரம் ஓட்டுவது சிக்கனம்தான், தோலுக்கு நல்லதில்லை.

நெற்றியோரமும் காது பக்கமும் மட்டும் கறுப்பது வேறு கணக்கு. அது பெரும்பாலும் ஹேர் டையின் வேலை. கறுப்பு டை பலவற்றில் 'பி.பி.டி' என்ற சாயப் பொருள் இருக்கிறது. 'ஷாம்பூ போலத் தேய்த்தால் போதும்' என்று விற்கும் பாக்கெட்டுகளிலும், உடனே கறுக்கும் மருதாணிகளிலும்கூட இருக்கலாம். பத்து வருடம் ஒத்துக்கொண்ட டை, பதினோராவது வருடம் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஒவ்வாமை அப்படித்தான் வரும். புதிய பாக்கெட் வாங்கியதும் காதின் பின்னால் ஒரு சொட்டு தடவி 48 மணி நேரம் பாருங்கள். கண் வீங்கிய அனுபவம் ஒருமுறை இருந்தாலே, அந்தப் பொருளுக்கு விடைகொடுத்துவிட வேண்டும்.

காலை வேளையில்...

இனி நல்ல செய்தி. இந்த வயதுத் தோலுக்குத் தேவைப்படுவது மூன்றே பொருள்கள்: மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்ச்சரைசர், சன்ஸ்கிரீன். ரீல்ஸில் வரும் பத்து சீரம்களையும் வாங்கினால், பலன் கடைக்காரருக்குத்தான்.

குளியல் சோப்பை முகத்துக்குப் போடுவதை நிறுத்துவதே பாதி வைத்தியம். கடலை மாவு, பயத்த மாவு பழக்கம் உள்ளவர்கள் விட வேண்டியதில்லை. தோல் வறண்டிருந்தால் தண்ணீருக்குப் பதில் பாலில் குழைத்து, தேய்க்காமல் தடவிக் கழுவலாம். எலுமிச்சைச் சாற்றை மட்டும் முகத்தில் பூசவே வேண்டாம். அதன்மேல் வெயில் பட்டால் தோல் வெந்து, கறுப்புத் திட்டாக நின்றுவிடும். மருவைச் சுண்ணாம்பும் சோடாவும் வைத்து எரிக்கும் வேலையும் வேண்டாம். மரு போகும், தழும்பு தங்கும்.

முகம் கழுவியதும் துண்டால் ஒற்றி, ஈரம் கொஞ்சம் இருக்கும்போதே மாய்ஸ்ச்சரைசர் பூச வேண்டும். கிளிசரின், செராமைடு, ஹயலூரானிக் அமிலம் இவற்றில் ஏதாவது சேர்ந்ததாகப் பார்த்து வாங்கலாம். கை கால்களுக்கு வீட்டுத் தேங்காய் எண்ணெயே போதும்.

சன்ஸ்கிரீனில் எஸ்.பி.எஃப் 30, பி.ஏ. +++ இருந்தால் நம் ஊருக்குச் சரி. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் வரும் அளவு, முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்க இழுத்தால் பிரயோஜனம் இல்லை. 'நான் வீட்டுலதானே இருக்கேன்' என்பவர்கள் மொட்டை மாடியில் வடாம் காயவைப்பதையும், பள்ளி வாசலில் பேரனுக்காகக் காத்திருப்பதையும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பேருந்து ஜன்னல் கண்ணாடி வழியாகவும் தோலைக் கறுக்கவைக்கும் கதிர்கள் வரும். மங்கு உள்ளவர்களுக்கு, அயர்ன் ஆக்ஸைடு சேர்த்த, லேசான தோல் நிறச் சாயம் உள்ள டின்டட் சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது. அது ஃபவுண்டேஷன் வேலையையும் பாதி செய்துவிடும்.

டால்கம் பவுடர் வறண்ட தோலில் கண்ணோரக் கோடுகளுக்குள் இறங்கி, இல்லாத வயதைக் கூட்டிக் காட்டும். வியர்வைக்காக வேண்டுமென்றால் மூக்கு, நெற்றி, தாடையில் மட்டும் பஃப்பால் ஒற்றலாம். கல்யாணம், விசேஷத்துக்கு ஃபவுண்டேஷன் போடுபவர்கள், கடையில் புறங்கையில் தேய்த்து ஷேட் பார்க்காதீர்கள். தாடையோரத்தில் தடவி, கடைக்கு வெளியே வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஒரு ஷேட் வெளுப்பாக எடுத்தால்கூட ஆல்பம் முழுக்கச் சாம்பல் பூசிய முகமாகத்தான் இருக்கும். கருவளையத்தின்மேல் நேராக வெளிர் நிற கன்சீலர் பூசினாலும் அதே கதிதான். முதலில் மெலிதாக ஆரஞ்சு நிற கரெக்டர், அதன்மேல் கன்சீலர்.

கண்மை, 50-க்கு மேல் கண் வறட்சி உள்ளவர்களுக்கு உறுத்தும். இமையின் உள்விளிம்பில் இழுக்காமல் மேல் இமையில் முடியை ஒட்டிக் கோடு போட்டால், கண்ணும் எடுப்பாகத் தெரியும், உறுத்தலும் இருக்காது. ஒரு கண்மையை அம்மாவும் மகளும் பகிர வேண்டாம். லிப்ஸ்டிக் உதட்டோரக் கோடுகளில் கசிகிறதென்றால், முதலில் லிப் பாம், பிறகு அதே நிற லிப் லைனர், அப்புறம் லிப்ஸ்டிக்.

இரவில் ரெட்டினால் போட ஆசைப்படுபவர்கள், வாரம் இரண்டு நாள், பட்டாணி அளவு என்று தொடங்கலாம். முதல் சில வாரங்கள் தோல் உரியும், பயம் வேண்டாம். மகளோ மருமகளோ கர்ப்பமாக இருந்தால், அந்த க்ரீமை அவர்களிடம் தராதீர்கள்.

மேக்கப் போட்டு மறைக்கக் கூடாத ஒன்றும் உண்டு. பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் போலத் தடித்த கருமை. 'அழுக்கு' என்று பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்பவர்கள் நிறைய. அது பெரும்பாலும், உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படவில்லை என்பதற்கான அறிகுறி. இதற்கு ஸ்க்ரப் உதவாது. காலையில் வெறும் வயிற்றோடு போய் ரத்தச் சர்க்கரையும், கூடவே மூன்று மாத சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். கழுத்துக் கருமையைச் சொல்லியே டாக்டரிடம் சீட்டு கேட்கலாம்.