வீட்டு பிளானில் வைஃபைக்கும் ஓர் இடம்

“அண்ணாச்சி, ஆறு ஆன்டெனா ரவுட்டர் போதுமா, எட்டு வேணுமா?” திருநெல்வேலிப் பக்கம் வயரிங் வேலை எடுத்துச் செய்யும் என்னிடம் இப்போது அதிகம் பேர் கேட்பது இதைத்தான். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: இப்போது இருக்கிற பெட்டியை எங்கே மாட்டியிருக்கிறீர்கள்?

அநேகமாக வாசலை ஒட்டிய ஜன்னல் பக்கம், டிவிக்குப் பின்னால் இருக்கும். ஃபைபர் இணைப்பு கொடுக்க வருகிற தம்பி தெருக் கம்பத்திலிருந்து கேபிளை இழுத்து வந்து, எந்த ஜன்னல் வழியாகச் சுலபமாக நுழைக்க முடிகிறதோ அங்கேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உள்ளே இழுக்கப் பைப்பே இல்லாத வீட்டில் அவர் வேறு என்ன செய்ய முடியும்? வைஃபை கிடைக்காத அறை, வீடு கட்டும்போதே உருவாகிவிடுகிறது.

பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீடு. 20 அடி அகலம், 60 அடி நீளம். பெட்டி கீழே முன் ஹாலில். வங்கித் தேர்வுக்குப் படிக்கும் மகளின் அறை மாடியில், பின்பக்கக் கோடியில். ஆன்லைன் வகுப்பை அந்தப் பெண் மாடிப்படியில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தாள். தன் அறையில், தன் மேஜையில் உட்கார்ந்து படிக்க வேண்டிய பிள்ளை. அவளுடைய அப்பா விலை கூடிய ரவுட்டர் வாங்கப் பணத்தோடு தயாராக இருந்தார்.

கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, சிக்னல் அளக்கும் ஆப்பைப் போனில் திறந்து வைத்து வீட்டைச் சுற்றி நடந்தோம். ஹாலில் மைனஸ் 45. சாப்பிடும் இடத்தில் மைனஸ் 60. அடுப்படி வாசலில் மைனஸ் 70. மாடியில் அவள் அறையில் மைனஸ் 83. இந்த அளவையில் ஒவ்வொரு 10 இறங்கும்போதும் சிக்னல் பத்தில் ஒரு பங்காகிறது. ஹாலில் இருந்ததில் பல ஆயிரத்தில் ஒரு பங்குதான் அந்த அறைக்குப் போய்ச் சேருகிறது. வீடியோ தடங்கல் இல்லாமல் ஓட மைனஸ் 67-க்குக் கீழே இறங்கக் கூடாது என்பது இந்தத் தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

நம் வீடுகளின் வெளிச்சுவர் 9 அங்குலச் செங்கல், உள்சுவர் நாலரை அங்குலம். மேல்தளமோ கம்பி கட்டி 5 அங்குலத்துக்குப் போட்ட கான்கிரீட். அமெரிக்காவில் பெரும்பாலான வீடுகளின் உள்சுவர் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தது. அலை அதைச் சுலபமாகக் கடந்துவிடும். அட்டைப்பெட்டியில் அச்சடித்திருக்கும் ‘இத்தனை ஆயிரம் சதுர அடி’ என்பதை நம் ஊர்ச் சுவர்களுக்கு நம்பி வாங்காதீர்கள். வீட்டு வைஃபை பெரும்பாலும் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது. 2.4 சுவரைத் தாண்டும், ஆனால் வேகம் குறைவு. பக்கத்து வீட்டு வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதில்தான் அதிகம் வந்து குறுக்கிடும். 5 நல்ல வேகம், ஆனால் இரண்டு சுவர் தாண்டுவதற்குள் இளைத்துவிடும். வழியில் இரும்பு பீரோவோ ஃபிரிட்ஜோ இருந்தால் இரண்டுக்குமே சிரமம்.

ரவுட்டரின் சக்தியை இரட்டிப்பாக்கினாலும் ஆப் காட்டும் சிக்னல் அளவையில் கூடுவது 3 தான். ஒரு செங்கல் சுவரே அதை விழுங்கிவிடும். அதோடு வைஃபை என்பது இருவழிப் பேச்சு. ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கூப்பிட்டாலும், போன் தன் சின்ன பேட்டரியை வைத்துக்கொண்டு சொல்கிற பதில் அதன் காதில் விழ வேண்டுமே! ‘ஏசி 1200’ என்று எழுதியிருப்பதும் 300, 867 என்ற இரண்டு அலைவரிசை வேகங்களைக் கூட்டி, முழு எண்ணாக்கிப் போட்டது. ஒரு போன் ஒரு நேரத்தில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றில்தான் இருக்கும்.

பாளையங்கோட்டை வீட்டில் பழைய கேபிள் டிவி பைப் ஒன்று மொட்டை மாடியிலிருந்து மாடி வராண்டா வழியாக ஹாலுக்கு இறங்கியிருந்தது. உள்ளே கிடந்த டிவி வயரின் நுனியில் கேட்-6 நெட்வொர்க் கேபிளைச் சேர்த்துக் கட்டி, டேப் சுற்றி, ஒருவர் மேலிருந்து இழுக்க இன்னொருவர் கீழிருந்து தள்ளிக் கொடுத்தோம். ஒரு வளைவில் சிக்கியது. சோப்புத் தண்ணீர் விட்டதும் நழுவி வந்துவிட்டது. மாடி வராண்டாவில், அவள் அறை வாசலுக்கு எதிரே, நடுத்தர விலையில் இரண்டாவது ரவுட்டரை அந்தக் கேபிளில் இணைத்து மாட்டினோம். அவளுடைய மேஜையில் இப்போது மைனஸ் 52.

ரிப்பீட்டர் வாங்கினால் போதாதா என்பார்கள். சிக்னல் செத்துக் கிடக்கும் அறையிலேயே அதைச் செருகி வைப்பவர்கள்தான் அதிகம். அங்கே அதற்கே ஒன்றும் கிடைக்காதபோது எதைத் திருப்பி அனுப்பும்? பாதி வழியில் வைத்தாலும், ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே அனுப்பும் ரகம் வேகத்தைப் பாதியாக்கிவிடும். பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் நல்லதுதான். ஆனால் கீழ்ப் பெட்டிக்கும் மேல் பெட்டிக்கும் நடுவே கான்கிரீட் தளம் இருந்தால் அதுவும் அதே தளத்தோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். கேபிளால் இணைத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே விலை உயர்ந்த ஒன்றை வாங்குவதைவிட, வைஃபை 6 உள்ள சாதாரண ரவுட்டர் இரண்டை வாங்கிக் கேபிளால் இணைப்பதே மேல் என்பேன். லேன் போர்ட் ஜிகாபிட்தானா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். 100 எம்பிபிஎஸ் போர்ட் உள்ள பெட்டியில் 300-க்குப் பணம் கட்டினாலும் 100-க்கு மேல் வராது.

புதிதாக வீடு கட்டுகிறவர்களிடமும், பிளான் போடும் இன்ஜினியர்களிடமும் நான் வற்புறுத்திக் கேட்பது ஒன்று உண்டு. ஏசி, கீசர், இன்வெர்ட்டர், கேமரா என்று எல்லாவற்றுக்கும் பாயின்ட் குறிக்கிறீர்கள். பிள்ளைகளின் படிப்பும் வீட்டிலிருந்து பார்க்கும் வேலையும் நம்பியிருக்கும் இணையத்துக்கு மட்டும் ஏன் குறிப்பதில்லை? வாசலிலிருந்து வீட்டின் நடுப்பகுதிக்கு ஒரு 1 அங்குலப் பைப், அங்கிருந்து மாடிக்கு இன்னொன்று. கரன்ட் வயர் போகும் பைப்பில் இணையக் கேபிளைச் சேர்க்கக் கூடாது. தனியாகவே போக வேண்டும். இரண்டு இடத்திலும் இன்வெர்ட்டர் லைனில் ஒரு பிளக் பாயின்ட். வீடு கட்டும் மொத்தச் செலவில் இது கணக்கிலேயே வராது. கட்டி முடித்த பிறகு டைல்ஸை உடைத்துக் காடி வெட்டச் சொன்னால்தான் செலவும் மனவருத்தமும்.

கேபிள் சுத்தத் தாமிரமாக இருக்கட்டும். கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் தாமிரம் பூசியது. நுனியை பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும். தளத்துக்கு கான்கிரீட் கொட்டுவதற்கு முந்தின நாள் எலக்ட்ரீஷியனோடு மேலே ஏறி, எந்தப் பைப் எங்கே வளைகிறது என்று போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்துக் கேபிள் மாற்ற வருகிறவருக்கு அந்தப் படம் வேண்டியிருக்கும்.