வருகைப் பதிவு மட்டும் போதாது

பல்கலைக்கழக மானியக் குழு 2021 மே மாதத்தில் வெளியிட்ட கருத்துரு ஒன்று, ஒரு பாடத்தில் 40 விழுக்காடு வரையிலான பகுதியை இணையவழியிலும் எஞ்சியதை நேரடியாகவும் நடத்தலாம் என்ற யோசனையை முன்வைத்தது. ஒரே பாடத்திட்டத்துக்குள் வகுப்பறையையும் திரையையும் சேர்த்து நடத்தும் இந்த ஏற்பாடு கலப்புமுறைக் கற்றல் எனப்படுகிறது. அதே ஆண்டில் வந்த ஒரு விதி, ஒரு பருவத்துக்குரிய பாடங்களில் 40 விழுக்காடு வரை ‘ஸ்வயம்’ என்னும் இணையவழிப் பாடத் தளத்தில் படித்து, அதற்கான மதிப்பலகைத் தம் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளவும் மாணவருக்கு வழிவிட்டது. 2022இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டமும் இணையவழிப் பயிற்சிகளைக் கல்லூரிப் படிப்போடு பிணைத்துவிட்டது. ஆகவே கோவில்பட்டியில் இன்று பட்டப்படிப்பில் சேரும் மாணவர், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், இரண்டு விதமான வகுப்புகளில் அமர வேண்டியவராகிறார். எந்த வகுப்பில் எப்படி அமர்வது, அமர்வதற்கு முன்னும் எழுந்த பின்னும் என்ன செய்வது என்பதை மட்டும் அவருக்கு எவரும் சொல்லித் தருவதில்லை. தமக்கு முன் வீட்டில் ஒருவரும் கல்லூரி வாசலை மிதித்திராத மாணவர்கள் பெரும் எண்ணிக்கையில் வந்து சேரும் ஒரு வட்டாரத்தில், இந்தக் குறை சிறியதன்று.

1966இல் தொடங்கப்பட்ட ஜி. வெங்கடசுவாமி நாயுடு கல்லூரி, 1984இல் தொடங்கப்பட்ட நேஷனல் பொறியியல் கல்லூரி ஆகியவற்றின் வழியாகக் கோவில்பட்டி, சுற்றியுள்ள மானாவாரிச் சீமைக்கு உயர்கல்வி நகரமாகி அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு, கழுகுமலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் புறப்படும் பேருந்தைப் பிடித்து வருகிற மாணவரின் பெற்றோர் பலர், மழையை நம்பிப் பயிர் செய்பவர்களாகவோ, உள்ளூர் வழக்கில் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ எனப்படும் ஆலைகளில் வேலை பார்ப்பவர்களாகவோ இருக்கிறார்கள். இப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து ஒருவர் கல்லூரிக்கு வரும் ஒவ்வொரு நாளும், ஒரு நாள் கூலியையோ ஒரு நாள் வயல் வேலையையோ விட்டுக்கொடுத்து வாங்கப்பட்ட நாளாகும். அந்த நாளை வகுப்பில் எப்படிச் செலவிடுவது என்பது, எனவே, படிப்புத் திறன் பற்றிய கேள்வி மட்டுமன்று. அது அந்தக் குடும்பத்தின் பொருளாதாரம் பற்றிய கேள்வியும் ஆகும்.

முதலில் வருகையைப் பற்றி. ஒரு பருவத்துக்கு 90 வேலை நாட்கள் என்றும், தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்றும் இருக்கும் விதியை, 22 நாட்கள் விடுப்பு எடுக்கலாம் என்று படித்துக்கொள்ளும் வழக்கம் மாணவரிடையே பரவலாக இருக்கிறது. திருமணம், திரைப்படம், ஊர்க்கொடை என்று முதல் இரண்டு மாதங்களிலேயே அந்த நாட்களைச் செலவழித்துவிட்டவருக்கு, உண்மையான தேவை வரும்போது கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. கரிசல் காட்டில் அந்தத் தேவை ஏறத்தாழ நாள் குறித்தே வருகிறது. புரட்டாசி, ஐப்பசியில் விதைப்பு, தையில் உளுந்தும் பாசியும் எடுப்பு என்று வேலைக் காலங்கள் முறையே ஒற்றைப் பருவத்தின் கடைசிப் பகுதியிலும் இரட்டைப் பருவத்தின் முதற்பகுதியிலும் விழுகின்றன. ஆகவே ஜூனிலும் ஜூலையிலும் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்து, விடுப்பை வயல் வேலைக்கும் காய்ச்சலுக்கும் சேமித்து வைப்பதே இந்த வட்டார மாணவருக்குப் பொருந்தும் கணக்கு. வேலைக்காகச் செல்ல நேரும்போது, வகுப்புப் பொறுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதும், குறிப்பை எவரிடம் வாங்குவது என்று ஒருவரோடு முன்பே பேசிவைப்பதும் எளிய செயல்கள்தாம். ஆயினும் கூச்சத்தால் பலர் இவற்றைச் செய்யாமல், பருவ முடிவில் அபராதக் கட்டணம் கட்டும் வரிசையில் வந்து நிற்கிறார்கள்.

வருகைக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள உறவு நன்கு ஆராயப்பட்ட ஒன்று. மார்கஸ் கிரெடேயும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, அதாவது முன்பு நடந்த பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து மதிப்பிடும் ஆய்வு, கல்லூரி மதிப்பெண்ணை முன்கூட்டிக் கணிப்பதில் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் பள்ளி மதிப்பெண்ணையும்விட வகுப்பு வருகையே வலுவான குறியீடு என்று கண்டது. வருகையைக் கட்டாயமாக்கும் விதிகளால் மட்டும் விளையும் முன்னேற்றம் சிறிதளவே என்பதையும் அதே ஆய்வு காட்டியது. தானாக விரும்பி வருபவர் வகுப்பில் ஏதோ ஒன்றைச் செய்கிறார் என்றும், பதிவேட்டுக்காக வருபவர் அதைச் செய்வதில்லை என்றும் இதற்குப் பொருள் கொள்வது நியாயமானது.

அந்த ‘ஏதோ ஒன்று’ வகுப்பு தொடங்குவதற்கு முன்பே தொடங்குகிறது. பருவமழைக்குச் சற்று முன்பாகக் காய்ந்த மண்ணில் விதையை இறக்கிவைத்து, முதல் மழையின் ஈரம் வீணாகாமல் பார்த்துக்கொள்ளும் புழுதி விதைப்பு கரிசல் விவசாயிக்குப் பழக்கமானது. நாளைய பாடத்தின் தலைப்புகளை இன்றிரவு கால் மணி நேரம் புரட்டிப் பார்ப்பதும் அத்தகைய வேலையே. எல்லாவற்றையும் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. பாடநூலில் அந்தப் பகுதியின் துணைத்தலைப்புகளைப் படித்து, தெரியாத சொற்கள் ஐந்தாறையும் எழும் கேள்வி ஒன்றையும் குறித்துக்கொண்டு வருபவருக்கு, ஆசிரியர் பேசும் சொற்கள் ஏற்கெனவே ஓர் இடம் ஒதுக்கப்பட்ட மனத்தில் வந்து அமர்கின்றன.

குறிப்பெடுத்தல் இரண்டாவது வேலை. ஆசிரியர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதும் பழக்கம் பள்ளியிலிருந்து வருவது. கையை அது களைப்பாக்குகிறது, மூளையைச் சும்மா விட்டுவிடுகிறது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் வகுத்த முறை இதற்கு மாற்றாக உலகெங்கும் பயன்படுகிறது. நோட்டின் பக்கத்தை இடப்புறம் குறுகலாகவும் வலப்புறம் அகலமாகவும் கோடிட்டுப் பிரித்து, வலப்புறத்தில் வகுப்பில் கேட்டதைச் சுருக்கமாகவும், இடப்புறத்தில் அதற்குரிய கேள்விகளையும், அடியில் மூன்று நான்கு வரிச் சுருக்கத்தையும் எழுதுவது அம்முறை. கரிசல் மண் ஏன் ஈரத்தில் உப்பிக் கோடையில் வெடிக்கிறது என்ற பாடத்தை எடுத்துக்கொண்டால் இதன் பயன் விளங்கும். மான்ட்மோரில்லோனைட் என்பது மிக நுண்ணிய தகடுகள் அடுக்கடுக்காக அமைந்த களிமண் கனிமம், தகடுகளுக்கிடையே நீர் புகுந்தால் அடுக்கு விரியும், நீர் வெளியேறினால் சுருங்கும் என்பது வலப்புறத்தில் வரும். “செவலை மண் ஏன் இப்படி வெடிப்பதில்லை?”, “கரிசலில் வீடு கட்ட அடித்தளம் ஏன் ஆழமாகத் தோண்டுகிறார்கள்?” என்ற கேள்விகள் இடப்புறத்தில் வரும். இந்தக் கேள்விகளைச் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ படிக்கும் மாணவரைவிட இயல்பாகக் கேட்கக்கூடியவர், பங்குனியில் கால் புதையும் வெடிப்புகளைத் தம் காட்டில் பார்த்து வளர்ந்த மாணவரே. அவர் அதை வாய்விட்டுக் கேட்கும்போது, செவலையில் மிகுதியாக உள்ள கயோலினைட்டின் தகடுகள் நெருக்கமாகப் பிணைந்திருப்பதால் இடையில் நீர் புக முடிவதில்லை என்ற விடை மொத்த வகுப்புக்கும் கிடைக்கிறது. தம் ஊர் அறிவு கல்லூரியில் செல்லாது என்ற எண்ணமே இந்த வட்டார மாணவரின் வாயைக் கட்டிப்போடுகிறது. அந்த எண்ணம் தவறு.

மூன்றாவது வேலை வகுப்பு முடிந்த பிறகு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்த மாணவர்கள் ஒரு வாரத்துக்குப் பின் அதில் சுமார் 42 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். ஒருமுறை படித்துவிட்டு, பாராமல் எழுதிப் பார்த்தவர்களோ சுமார் 56 விழுக்காட்டை நினைவுகூர்ந்தார்கள். படித்து ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது மட்டும் திரும்பப் படித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் ஜெராக்ஸ் நோட்ஸைத் திரும்பத் திரும்பப் படிப்பவருக்கு எல்லாம் தெரிந்தது போலத் தோன்றுவதும், அடுத்த பருவத்தில் அது ஒன்றுமில்லாமல் போவதும் இதனால்தான். மாலையில் ஊர் திரும்பும் பேருந்தின் நெரிசலில் எழுத முடியாது. ஆனால் அன்று நடந்த பாடத்தில் என்னென்ன வந்தன என்று நோட்டைத் திறக்காமல் நினைத்துப் பார்க்க முடியும். அந்தப் பயண நேரம் செலவில்லாத படிப்பு நேரம்.

வகுப்பறையில் கைபேசியைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். கனடாவில் நடந்து 2013இல் வெளியான ஆய்வொன்றில், வகுப்பின்போது மடிக்கணினியில் வேறு வேலையும் பார்த்தவர்களின் மதிப்பெண் 11 விழுக்காடு குறைந்தது; அவர்களுடைய திரை கண்ணில் படும்படி பின்னால் அமர்ந்து ஒழுங்காகக் குறிப்பெடுத்தவர்களின் மதிப்பெண்ணோ 17 விழுக்காடு குறைந்தது. ஆகவே கைபேசியைப் பைக்குள் வைப்பது, பின்வரிசையில் இருப்பவருக்குச் செய்யும் நியாயமும் ஆகும்.

இணையவழி வகுப்பு இருவகைப்படும். குறித்த நேரத்தில் ஆசிரியரும் மாணவரும் ஒரே சமயத்தில் சேர்வது நேரலை வகுப்பு. பதிவு செய்யப்பட்ட பாடத்தை மாணவர் தமக்கு வசதியான நேரத்தில் பார்ப்பது பதிவு வகுப்பு. பெருந்தொற்றுக் காலத்தில் தமிழகம் அனுபவித்தது பெரும்பாலும் முதல் வகை. 2021 ஜனவரியில் தமிழக அரசு சுமார் 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை நாளொன்றுக்கு 2 ஜி.பி. தரவு வழங்குவதாக அறிவித்தது. அது தேவையான உதவியே. ஆனால் காணொளியுடன் ஒரு மணி நேர வகுப்பைக் கேட்க, தரத்தைப் பொறுத்து அரை ஜி.பி.யிலிருந்து ஒரு ஜி.பி.க்கு மேலும் செலவாகும் என்பதால், நான்கைந்து பாடவேளைகளுக்கு அது போதாது. வீட்டில் இருக்கும் ஒரே கைபேசி அண்ணனோடு வேலைக்குப் போய்விடும் குடும்பத்தில் தரவு அட்டையால் பயனும் இல்லை. இத்தகைய சூழலில் தம் காணொளியை அணைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்பது சிக்கனமான, முற்றிலும் நேர்மையான வழி; ஒற்றை அறை வீட்டிலிருந்து சேரும் மாணவியை முகம் காட்டச் சொல்லி வற்புறுத்துவது முறையன்று. ஆனால் முகம் காட்டாதவர் வகுப்பில் இருக்கிறார் என்பதற்கு வேறு அடையாளம் வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை உரையாடல் பெட்டியில் ஒரு விடையோ ஒரு கேள்வியோ எழுதுவது அந்த அடையாளமாகலாம். பெயரை மட்டும் உள்ளே நுழைத்துவிட்டுக் கைபேசியைத் திண்ணையில் வைத்துச் செல்பவர், ஆசிரியரை ஏமாற்றியதாக நினைத்துத் தம் பெற்றோரின் பணத்தையே வீணாக்குகிறார். நேரலை வகுப்புக்கும் நோட்டும் பேனாவும் வேண்டும், ஓர் இடம் வேண்டும், அந்த ஒரு மணி நேரத்துக்கு வாட்ஸ்அப் அறிவிப்புகள் அணைந்திருக்க வேண்டும்.

பதிவு வகுப்பில் வேறு ஆபத்து இருக்கிறது: எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதாலேயே அது எப்போதும் பார்க்கப்படாமல் போகிறது. ஐ.ஐ.டி.க்களும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தின் 12 வாரப் பாடம் சுமார் 30 மணி நேரக் காணொளி கொண்டது. அதாவது வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். இதை நாளொன்றுக்கு அரை மணி என்று ஐந்து நாட்களுக்குப் பிரித்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, கேட்டதைத் தம் சொற்களில் இரண்டு வரி எழுதிவிட்டு மேலே செல்பவருக்குப் பாடம் பிடிபடும். ஞாயிற்றுக்கிழமை இரவு ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுபவருக்குப் பிடிபடாது. வாராந்தர ஒப்படைவுகளுக்கு 25, தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுதும் தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரிக்கப்பட்டிருப்பதை மாணவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். டெலிகிராம் குழுவில் சுற்றும் விடைகளைப் பார்த்து எழுதினால் அந்த 25 கிடைக்கும். கண்காணிப்பாளர் முன் எழுத வேண்டிய எஞ்சிய 75 கிடைக்காது.

இந்த வட்டாரத்துக்குப் பதிவு வகுப்பு தரும் மிகப் பெரிய நன்மை மொழி சார்ந்தது. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, கல்லூரியில் திடீரென ஆங்கில விரிவுரையைக் கேட்க நேரும் மாணவர், நேரடி வகுப்பில் ஒரு சொல்லைத் தவறவிட்டால் அடுத்த பத்து நிமிடத்தையும் தவறவிடுகிறார். பதிவில் அவர் நிறுத்தலாம், திரும்பக் கேட்கலாம், திரையின் அடியில் வரும் எழுத்தைப் படிக்கலாம். என்பிடெல் பாடங்கள் பலவற்றின் உரைக்குத் தமிழாக்கமும் கிடைக்கிறது. அடுத்த வாரம் வகுப்பில் வரவிருக்கும் தலைப்பை இப்படி முன்னதாகக் கேட்டுவிட்டு, புரியாமல் நின்ற இடத்தை நேரடி வகுப்பில் கேட்பதே இரண்டு முறைகளையும் சேர்த்துப் பயன்படுத்தும் சரியான வழி. மாணவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: வகுப்பறையில் மௌனமாக இருந்துவிட்டு, யூடியூபில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறார்கள். காணொளியால் பாடத்தை நூறு முறை சொல்ல முடியும்; எதிரில் இருப்பவரின் முகம் பார்த்து அவருக்கு எங்கே இடிக்கிறது என்று அறிய முடியாது. அதற்கு வகுப்பறையும் ஆசிரியரும் பக்கத்து இருக்கையும் வேண்டும். திரையை நேரடி வகுப்புக்கு ஈடாக மதிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மாணவரிடம் மட்டும் இவற்றையெல்லாம் எதிர்பார்ப்பது நியாயமன்று. கல்லூரிகள் இணையவழி வகுப்புகளைக் கடைசிப் பேருந்து ஊர் போய்ச் சேரும் நேரத்துக்குப் பிறகே வைக்கலாம். காணொளியோடு சிறிய ஒலிக்கோப்பையும் அனுப்பலாம். வயல் வேலைக் காலத்தில் வராதவரின் பெயரை அழைத்துக் கண்டிப்பதற்குப் பதில், விட்டுப்போன பாடங்களின் பட்டியலை அவர் கையில் தரலாம். இவை எவற்றுக்கும் பெரிய நிதி தேவையில்லை. அனைத்துக்கும் மேலாக, ஜூனில் புதிய மாணவர்கள் வந்து சேரும் முதல் வாரத்தில், வரவேற்பு உரைகளுக்கும் விதிமுறை வாசிப்புக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஐந்து பாடவேளைகளையேனும் குறிப்பெடுக்கவும், கேள்வி கேட்கவும், பாராமல் எழுதிப் பார்க்கவும், இணையவழிப் பாடத்தை வாரங்களாகப் பிரித்துக்கொள்ளவும் கற்பிப்பதற்குக் கோவில்பட்டி வட்டாரக் கல்லூரிகள் ஒதுக்க வேண்டும். வரும் கல்வியாண்டிலேயே அதைத் தொடங்க வேண்டும்.