பளபள மஞ்சள்... உள்ளே பச்சைப் புளிப்பு! மாம்பழத்தில் ஏமாறுவது யார்?

சென்னை நகரில் கோடை பிறந்துவிட்டால் இரண்டு காட்சிகள் தவறாமல் நடக்கும். ஒன்று, தெருவுக்குத் தெரு தள்ளுவண்டியில் மாம்பழக் குவியல். மற்றொன்று, கோயம்பேடு பழ மார்க்கெட்டில் உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளின் "திடீர்" சோதனை!

கல் வைத்துப் பழுக்க வைத்த பழங்கள் டன் கணக்கில் பறிமுதல். பத்திரிகைகளில் படம். ஒரு வாரத்துக்கு வீட்டுக்கு வீடு இதே பேச்சு. பிறகு பழையபடி வியாபாரம் ஜோராக நடக்கிறது. அடுத்த கோடையில் மறுபடியும் அதே படம்.

கொத்தவால் சாவடியில் இருந்து 1996-ல் மார்க்கெட் கோயம்பேட்டுக்குப் போனது. இடம்தான் மாறியது. கல் மாறவில்லை. ஏன்?

"ஏம்பா, இது கல்லு வெச்ச பழமா?"

"அய்யய்யே, நம்மகிட்ட அந்த வேலையே கிடையாதும்மா. மரத்துல பழுத்தது. தேன் மாதிரி இருக்கும், எடுத்துக்கோ!"

தினமும் நடக்கும் பேச்சு இது. ஆனால் வண்டியில் இருப்பது மரத்தில் பழுத்த பழம் அல்ல. நன்றாகப் பழுத்ததை லாரியில் ஏற்றினால் கோயம்பேடு வந்து சேரும்போது கூழாகத்தான் இருக்கும். முற்றிய காயாகப் பறித்து, வந்த இடத்தில் பழுக்க வைப்பதுதான் தொழில் முறை. வைக்கோலில் வைத்தாலும் சரி, வீட்டு அரிசி டின்னில் புதைத்தாலும் சரி, அதே காரியம்தான். அதில் தப்பு ஒன்றுமில்லை. எதைப் போட்டுப் பழுக்க வைக்கிறார்கள், எந்தக் காயைப் பழுக்க வைக்கிறார்கள் என்பதில்தான் வில்லங்கம்!

பிஞ்சிலே பழுத்த கதை

வெல்டிங் பட்டறையில் கியாஸ் உண்டாக்கப் பயன்படுவது கார்பைடு கல். காகிதத்தில் பொட்டலம் கட்டிப் பழத்தின் நடுவே வைத்தால், காற்றில் உள்ள ஈரம் பட்டு அசிட்டிலீன் வாயு கிளம்பும். தோல் சீக்கிரமே மஞ்சளாகிவிடும். இந்தக் கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் போன்ற விஷப் பொருட்கள் கலந்திருக்கும். அதனால்தான் 2011-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் இதற்குத் திட்டவட்டமான தடை. அதற்கு முந்தைய கலப்படத் தடை விதிகளிலும் தடைதான்.

கல்லை மட்டும் திட்டி என்ன பயன்? காயைப் பறித்த நாளையும் பார்க்க வேண்டாமா?

சித்திரை முதல் நாள் தாம்பாளத்தில் மாம்பழம் வைத்தே தீரவேண்டும் என்று பல வீடுகளில் பிடிவாதம். அந்த நேரத்தில் பழம் விற்கும் விலையே தனி. ஒரு மாதம் பொறுத்தால் வரத்து பெருகி விலை விழுந்துவிடும். தோட்டத்தைக் குத்தகை எடுத்தவர் பொறுப்பாரா? முற்றாத காயையே உலுக்கிவிடுகிறார்! முன்கூட்டி வருவதெல்லாம் பிஞ்சு என்றும் சொல்லிவிட முடியாது. பாலக்காடு பக்கம் முதலமடையில் பருவமே மற்ற ஊர்களுக்கு முந்தியது. ஆனால் அந்தச் சாக்கில் வேறு ஊர்ப் பிஞ்சும் சேர்ந்து வந்துவிடுகிறது.

முற்றிய காயில் மாவுச்சத்து நிறைந்திருக்கும். பழுக்கும்போது அதுதான் சர்க்கரையாக மாறும். பிஞ்சில் அந்தச் சத்தே சேரவில்லை என்றால் இனிப்பு எங்கிருந்து வரும்? கல் வைத்தாலும், கியாஸ் விட்டாலும், வைக்கோலில் புதைத்தாலும் தோல்தான் மஞ்சளாகும். உள்ளே புளிப்புதான்.

தண்ணீரில் போட்டால் மிதப்பது கல் வைத்த பழம் என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு உண்டு. முற்றிய மாங்காய் தண்ணீரைவிடச் சற்றே கனம், மூழ்கும். முற்றாதது பெரும்பாலும் மிதக்கும். ஆக, அந்தச் சோதனையில் தெரிவது காயின் முதிர்ச்சிதான். முற்றிய காயில் கல் வைத்திருந்தால், அதுவும் சமர்த்தாக மூழ்கிவிடும்!

அனுமதி உண்டு, அறை எங்கே?

எத்திலீன் வாயுவைக் கொண்டு பழுக்க வைக்க 2016-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதி தந்தது. அளவு, பத்து லட்சத்தில் 100 பங்குக்கு மேல் போகக் கூடாது. பழம் தானாகவே விடும் வாயுதான் இது. ஆனால் இதற்குக் காற்றுப் புகாத அறை வேண்டும், குளிர்சாதனம் வேண்டும், சில நாள் பொறுமையும் வேண்டும். பெரிய மண்டிக்காரருக்குக் கட்டுப்படியாகும். பத்துப் பெட்டி எடுப்பவர் எங்கே போவார்? எத்திபான் தூள் பாக்கெட்டை, பழத்தின் மேல் படாமல் வைக்கலாம் என்று ஒரு வழியும் விட்டிருக்கிறார்கள். அதையே தண்ணீரில் கரைத்துப் பழத்தின் மீது தெளிப்பதும் முக்கி எடுப்பதும் கூடாது.

சோதனையில் கடைசியாக அடிபடுவது தள்ளுவண்டிக்காரர்தான். காலையில் தண்டலுக்குப் பணம் வாங்கி, மண்டியில் பெட்டி எடுத்து, மாலைக்குள் விற்றாக வேண்டியவர். பெட்டிக்குள் கல் வைத்தது யார் என்று அவருக்கே தெரியாது. பழம் பறிபோனாலும் தண்டல்காரர் விடமாட்டார்.

மூக்கு சொல்லும் சேதி

வாங்குபவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை! ஒரு புள்ளி பச்சை இருந்தால் "காயா இருக்கே" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அந்த மஞ்சள் மோகத்துக்குத்தான் கல் தீனி போடுகிறது. மல்கோவாவும் இமாம் பசந்தும் நன்றாகப் பழுத்த பிறகும் பச்சை முழுதாகப் போகாத பழங்கள். பங்கனப்பள்ளி மஞ்சளாகத்தான் வரும், ஆனால் அறையில் முறையாகப் பழுத்ததும் ஒரே சீராக மஞ்சளாகும். நிறத்தை மட்டும் பார்த்து யாரையும் குற்றவாளி ஆக்க முடியாது.

காம்பைப் பார்த்தால் சேதி தெரியும். முற்றிய காயில் காம்பின் இரு பக்கமும் தோள் எழும்பி, காம்பு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். தோள் சரிந்து ஒல்லியாக இருந்தால் பிஞ்சில் பறித்தது. காம்படியில் மூக்கை வைத்தால் வாசனை தூக்க வேண்டும். நிறம் பிரமாதம், வாசனை மட்டும் இல்லை என்றால் பேசாமல் நகர்ந்துவிடலாம். தோலில் சாம்பல் மாதிரி வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால் கட்டாயம் சந்தேகப்பட வேண்டும். கட்டை விரலால் பழத்தை நசுக்கிப் பார்ப்பது வேண்டாத வேலை. நசுங்கிய பழம் அடுத்தவர் தலையில்தான் விழும்.

விவரம் தெரிந்த இல்லத்தரசிகள் லேசாகக் காயாகவே வாங்கி அரிசி டின்னில் போட்டுவிடுகிறார்கள். பழுக்கும் முன் பிரிட்ஜில் வைத்தால் காரியம் கெட்டது. குளிரில் தோல் கறுத்து, பழம் ருசியே இல்லாமல் போகும். சாப்பிடும் முன் தண்ணீரில் அரை மணி ஊறவைக்கும் பாட்டி வழக்கமும் நல்லதுதான். கழுவித் துடைத்தால் காம்பில் வடிந்த பால் போகும். உதடு ஓரம் புண்ணாவது பலருக்கு அந்தப் பாலால்தான். மாவும் முந்திரியும் ஒரே குடும்பமாயிற்றே!

பங்கனப்பள்ளிக்கு மே மாதம் நல்ல மாதம். ஜூன், ஜூலையில் நீலம் வரும்போது விலையும் இறங்கியிருக்கும், கல்லுக்கும் அத்தனை அவசரம் இருக்காது. ஆனால் அதில் வேறு தொல்லை, கொட்டைக்குள் வண்டு. மாவடு பருவத்திலேயே தோலில் முட்டை வைத்துவிடும். புழு உள்ளே போன வழியும் ஆறிப்போகும். வெளியே ஓட்டையே தெரியாது. அதற்குப் போய் வண்டிக்காரரோடு மல்லுக்கு நின்று பயனில்லை. வெட்டும் வரை அவருக்கும் தெரியாது.