மறதி நோயாளருக்குத் தனிப் பிரிவு வேண்டும்

தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் ஈப்போவுக்குக் குடிபெயர்ந்த நம் மூத்த தொழிலாளரில் சிலர், விடியுமுன் எழுந்து பால்வாளியைத் தேடுகிறார்கள். பெரட்டுக்கு நேரமாயிற்று என்று பதறுகிறார்கள். இது பைத்தியமல்ல, மூளையைப் பற்றும் மறதி நோய். 60 வயதை எட்டியோரில் 100க்கு 8 பேருக்கு மேல் இந்நோய்க்குறி உண்டென 2018ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வு கண்டது.

பிள்ளைகள் வேறு வழியின்றிக் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறார்கள். முதியோர் இல்லமும் பூட்டத்தான் வேண்டுமா? கீழ்த்தளத்தில் சிறிய தனிப் பிரிவு, உலாவ வேலியிட்ட முற்றம், அடிக்கடி மாறாத ஊழியர் ஆகியவை வேண்டும். நோய் முற்றும்போது சிலருக்குப் பிற்காலத்தில் கற்ற மொழி முன்னே மறையக்கூடும், தாய்மொழியே நிற்கக்கூடும். ஆகவே தமிழ் பேசும் ஊழியரும் அவசியம்.

சங்கக் கிளைகள் இதைத் தீர்மானமாக நிறைவேற்றி அரசாங்கத்திடம் வற்புறுத்த வேண்டும். அவர்கள் நம்மை மறக்கலாம். நாம் அவர்களை மறக்கலாமா?