அலையும் நாமும்

வெளியூர் விருந்தினர் சென்னைக்கு வந்தால், நாம் முதலில் அழைத்துச் செல்வது மெரினாவுக்கே. சுண்டலும் சிரிப்புமாக மாலை கழிகிறது. ஆனால் அங்குக் கடலில் குளிக்கத் தடை உண்டென்று அவர்களிடம் சொல்கிறோமா? கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும் நீரோட்டம் நன்கு நீந்துபவரையும் இழுத்துச் செல்லும். எதிர்த்து நீந்தினால் களைப்பே மிஞ்சும். கரைக்கு இணையாக நீந்தி விலக வேண்டும்.

படகேற விரும்புவோர்க்கு 1984-ஆம் ஆண்டு தொடங்கிய முட்டுக்காடு படகுத்துறை இருக்கிறது. மிதவைச் சட்டை அணிந்தே ஏற வேண்டும்.

“பெண் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு?” என்போர் இன்றும் உளர். 2004-ஆம் ஆண்டில் பூலா சௌத்ரி என்னும் பெண்மணி பாக் நீரிணையையே நீந்திக் கடந்தார். அன்புப் பெற்றோரே, கடலோரத்தில் வளரும் எங்களுக்குக் கடலைக் காட்டினீர்கள். நீச்சலையும் கற்றுத் தாருங்கள்!