இரண்டாம் ஆட்டக்காரனின் விலை

கூடைப்பந்தாட்டத்தை நம் கல்லூரியில் அறியாதார் இலர். 1891-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரத்து ஒய்.எம்.ஸி.ஏ. பயிற்சிக்கூட ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் வகுத்த இவ்வாட்டம், 1920-இல் ஹாரி குரோ பக் என்பார் சென்னையில் நிறுவிய உடற்பயிற்சிக் கல்லூரியால் நம் நாட்டில் பெரிதும் வளர்ச்சியுற்றது. நமக்கு இஃது மாலைப்பொழுதின் இன்பம். அமெரிக்கத் தொழில்முறைச் சங்கமாகிய என்.பி.ஏ.விலோ பெருவாணிபம். ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரன், தனக்கிசைந்த எக்குழுவோடும் சம்பளம் பேசிக்கொள்ளும் உரிமை அங்கு உண்டு. ஆண்டுதோறும் கோடைகாலத்தில் கூடும் அச்சந்தையில் முதல்வர்களின் விலையைப் பற்றி எல்லோரும் பேசுவர். இரண்டாம் நிலையில் நிற்பவனை எவ்வாறு மதிப்பது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பந்தைக் கொண்டுசென்று, யாருக்கு எப்போது கொடுப்பதெனத் தீர்மானித்து, ஆட்டத்தை நடத்துபவன் பாயின்ட் கார்டு எனப்படுவான். அவன் இளைப்பாறும்போது அவனிடத்தில் நிற்பவனே இரண்டாம் பாயின்ட் கார்டு. இவன் எத்தனை புள்ளி எடுத்தான் என்றே பலரும் வினவுவர். அவ்வளவுகோல் பிழையுடையது. இவன் நிற்கும் பொழுதில் குழு எதனை இழவாதிருந்தது என்பதன்றோ வினா?

கணக்கிட்டுப் பார்ப்போம். ஆட்டம் ஒன்றுக்கு 48 நிமிஷம். முதல்வன் 34 நிமிஷம் ஆடினால் எஞ்சுவன 14. பருவம் ஒன்றுக்கு 82 ஆட்டங்கள். ஆகவே 1,148 நிமிஷங்கள். அஃதாவது, ஏறக்குறைய 24 முழு ஆட்டங்கள் இரண்டாமவன் கையிலேயே உள்ளன. முதல்வன் காயமுற்றாலோ, அத்தொகை இன்னும் பெருகும்.

டைஸ் ஜோன்ஸ் என்பவர் இதற்குத் தக்க சான்று. 2021-22 பருவத்தில் மெம்பிஸ் குழுவின் முதல்வரான ஜா மொரான்ட் ஆடாத 25 ஆட்டங்களில் அக்குழு 20-இல் வென்றது. அவற்றுள் பெரும்பாலனவற்றை நடத்தியவர் ஜோன்ஸே. அக்கோடையில் மெம்பிஸ் அவரை இரண்டாண்டுக்கு ஏறக்குறைய 3 கோடி டாலர் கொடுத்து நிறுத்திக்கொண்டது.

இதற்கு ஒரு தடை எழுப்பப்படலாம். 2023-24-இல் அவர் வாஷிங்டன் குழுவில் முதல்வராய் நின்றபோது, அக்குழு 15 ஆட்டங்களில் வென்று 67-இல் தோற்றது. 2024 கோடையில் பீனிக்ஸ் குழுவிடம் குறைந்தபட்சச் சம்பளத்திற்கே அவர் இசைந்தார். ஆகவே முன்னர்க் கொடுத்த விலை மிகையன்றோ எனின், அன்று. அந்த வாஷிங்டன் பருவத்திலும், பந்தை ஒருமுறை பறிகொடுப்பதற்கு ஏழுமுறைக்கு மேலாகத் தம் கூட்டாளிகள் கூடையிட வழிசெய்தவர் அவர். பீனிக்ஸோ சம்பள வரம்பை மிகக் கடந்துவிட்டமையால் அதற்குமேல் கொடுக்க இயலாதிருந்தது. விலை, வாங்குவோன் பையைக் காட்டும்; பயன், விற்போன் கையைக் காட்டும். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பேதைமை.

ஆயினும், வரம்புள்ள பணத்தில் இரண்டாமவனுக்கு மிகுதியாகக் கொடுத்தால் வேறோரிடம் வெறுமையாகும் என்பது மெய்யே. எனவே மூன்று வினாக்களுக்கு விடை கண்டபின் விலை பேசுதல் நன்று: முதல்வன் உடல்நலம் எத்தகையது? இரண்டாமவன் பந்தைப் பறிகொடாது காப்பானா? அவனை ஒத்தார் சந்தையில் எத்தனைபேர்?

நம் நாட்டிலும் இதற்கு உதாரணமுண்டு. 2022-இல் தமிழ் தலைவாஸ் கபடிக் குழு, பவன் சேராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே அவர் முழங்காலில் அடிபட்டு வீழ்ந்தார். அப்போது பாரத்தைத் தாங்கியவர் நரேந்தர் என்னும் இளைஞர். அப்பருவத்தில் அவர் 243 ரெய்டுப் புள்ளிகள் ஈட்டினார். குழுவும் தன் வரலாற்றில் முதன்முறையாக அரையிறுதி எய்திற்று.

இவ்வாராய்ச்சி விளையாட்டோடு முடிவதன்று. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை நிமிர்ந்து நிற்கும் ஆலைகளில் மோட்டார் வண்டிகளும் கைப்பேசிகளும் வரிசையாய் உருப்பெறுகின்றன. அவ்வரிசையில் ஓரிடத்தில் ஆள் இல்லையேல் வரிசை முழுதும் நிற்கும். அதற்கெனப் பல இடத்து வேலையும் கற்று, எவரேனும் வாராத நாளில் அவரிடத்தில் நிற்போர் உளர். ரிலீவர் என்பது அவர்க்குப் பெயர். அவர் நின்றதனால் நேரிடாத நஷ்டம் எந்தக் கணக்கேட்டிலும் ஏறுவதில்லை. ஏறாததை யாரும் மதிப்பதுமில்லை. ஒப்பந்தக் கூலியில் காலங்கழிக்கும் இளைஞர் பலர் அங்கு உழைக்கின்றனர். ஐந்து இடத்து வேலை அறிந்தவருக்கும் ஓரிடத்து வேலை மட்டும் அறிந்தவருக்கும் ஒரே கூலி என்பது நியாயமாகாது. ஜோன்ஸுக்கு வாதாடத் தரகர் உண்டு. இவர்க்கு வாதாடுவார் யார்?

நாளை நம் மாணவருள் சிலர் அவ்வாலைகளில் ஆள் எடுக்கும் மேசைக்குப் பின்னால் அமரக்கூடும். அவர்க்கு என் வேண்டுகோள் ஒன்றே: ஒருவர் என்ன செய்தார் என எண்ணுவதோடு நில்லாது, அவர் இருந்தமையால் எது நின்றுபோகாமல் நடந்தது என்பதையும் எண்ணிக் கூலி வகுப்பீராக.