கருத்தடையில் வஞ்சனையும் உடலுறவுக்கான இசைவும்: ஒரு நிலைப்பாட்டு அறிக்கை

உடலுறவுக்கு ஒருவர் தரும் இசைவு, அதற்கு அவர் விதித்த நிபந்தனையோடு சேர்ந்தே தரப்படுகிறது என்பதும், ஆணுறை இருந்தால் மட்டுமே என்று சொன்னவருக்குத் தெரியாமல் அதைக் கழற்றிவிட்டு உறவைத் தொடர்வது அந்த இசைவுக்கு வெளியே நடக்கும் செயல் என்பதும் பெண்களின் உடல்நலத்துக்காக இயங்கும் இவ்வமைப்பின் நிலைப்பாடு. ஆணுறை தானாகக் கிழிவதும், மாத்திரையை ஒருநாள் மறப்பதும் வஞ்சனை ஆகா. கிழிந்தது தெரிந்த பிறகும் வாய் திறக்காமல் தொடர்வது வஞ்சனையே.

நீதிமன்றங்கள் இக்கேள்வியில் ஒரே முடிவுக்கு வந்துவிடவில்லை. ஆணுறையில் ஊசியால் துளையிட்ட ஒருவரின் வழக்கில், 2014இல் கனடா உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை, பெண் உறவுக்கு இசைந்தது உண்மை, ஆனால் மோசடி அந்த இசைவைச் செல்லாததாக்கிவிட்டது என்றது. 2022இல் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம், ஆணுறையோடு கூடிய உறவும் ஆணுறையற்ற உறவும் வெவ்வேறு செயல்கள், ஆகவே பின்னதற்கு இசைவே தரப்படவில்லை என்று 5க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றமோ, விந்துக்குழாய்த் தடை அறுவை செய்துகொண்டதாகச் சொன்ன பொய் இசைவை அழிக்காது என்று 2020இல் கூறியது. ஆணுறை குறித்த வஞ்சனையும் அறுவை குறித்த பொய்யும் ஒரே எடை கொண்டவை அல்ல என்பதை இவ்வமைப்பும் ஏற்கிறது. ஆனால் எடை குறைந்தது என்பதால் தண்டனையே வேண்டாம் என்பது பொருந்தாது. சிங்கப்பூர் இதற்கு வழி கண்டிருக்கிறது. அதன் தண்டனைச் சட்டத்தின் 376எச் பிரிவு, பாதுகாப்பு முறை குறித்தோ பால்வினை நோய் குறித்தோ பொய் சொல்லி இசைவு பெறுவதை, 2020 முதல், ஆண் பெண் வேறுபாடின்றித் தனிக் குற்றமாக வைத்திருக்கிறது.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆம் பிரிவு, வஞ்சக வழியில் பெண்ணுடன் உறவு கொள்வதைப் பத்தாண்டு வரை சிறைக்குரிய குற்றமாக்குகிறது. வஞ்சக வழி எது என்று விளக்கும் இடத்தில் வேலை, பதவி உயர்வு, அடையாளத்தை மறைத்துச் செய்யும் திருமணம் ஆகியவை வருகின்றன, கருத்தடை வரவில்லை. மனைவியைப் பொறுத்தவரை, வன்புணர்வுக்கான 63ஆம் பிரிவின் விதிவிலக்கு கணவனுக்கு இன்னும் அரணாகவே நிற்கிறது.

நேர்மை என்பதை இருவருக்கும் ஒரே தராசில் நிறுத்தினால் எழும் ஆபத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படும் 'அந்தரா' ஊசியின் வசதிகளில் ஒன்று, வீட்டில் மாத்திரை அட்டை கிடக்காது என்பது. கணவனுக்கோ மாமியாருக்கோ தெரியாமல் ஒரு பெண் அதைப் போட்டுக்கொள்ள முடியும். அதுவும் மறைப்புதான். எனினும், கருவைச் சுமக்கும் உடல் அவளுடையது. அவளது மறைப்பு கணவனின் உடலில் கருவையோ நோயையோ ஏற்றுவதில்லை. எனவே, மற்றவரின் உடலையோ வாழ்க்கையையோ அவர் ஏற்காத ஆபத்துக்கு உள்ளாக்கும் பொய்யே குற்றமாக வேண்டும், தன் உடலைக் காத்துக்கொள்ளும் மௌனம் குற்றமாகக் கூடாது. மாத்திரை சாப்பிடுவதாகப் பொய் சொல்லும் பெண் முன்னதில் சேர்வார், ஊசியை மறைக்கும் பெண் சேரமாட்டார். இந்தக் கோட்டைத் தெளிவாக வரையாத எந்தச் சட்டத் திருத்தத்தையும் இவ்வமைப்பு ஆதரிக்காது.

69ஆம் பிரிவின் விளக்கத்தில் பாதுகாப்பு முறை குறித்த வஞ்சனை சேர்க்கப்பட வேண்டும். அப்பிரிவின் காப்பு அனைவருக்கும் விரிய வேண்டும். திருமண விதிவிலக்கு நீக்கப்பட வேண்டும். சட்டம் திருந்தும்வரை காத்திருக்க முடியாத ஒன்றும் உண்டு. ஏமாற்றப்பட்டவருக்கு அவசரக் கருத்தடை மாத்திரையும் எச்ஐவி தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள் கிடைத்தாக வேண்டும். அம்மாத்திரைக்கு மருத்துவர் சீட்டு தேவையில்லை என்பது நாட்டின் விதி. தமிழ்நாட்டு மருந்துக் கடைகள் பலவற்றிலோ அது வைக்கப்படுவதே இல்லை. மருந்தாளுநர்கள் அதை இருப்பில் வைத்து, கேள்வி கேட்காமல் தர வேண்டும் என்று இவ்வமைப்பு கேட்டுக்கொள்கிறது.